முந்தைய அளவு

பழைய போனின் முதுகு உப்பிவிட்டது.
கொத்தமல்லிக் கட்டுக்குப் போடுவதுபோல
ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.
புதியது லாரன்ஸ் ரோட்டில் தவணைக்கு எடுத்தது.
இரண்டையும் அருகருகே வைக்கவும் என்றது திரை.
வைத்தேன், அரிசி டப்பா மூடிமேல்.

மொத்தம் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு படம்.
அதில் எட்டாயிரத்துச் சொச்சம்
கரண்ட் மீட்டர்.

சிரிக்காதீர்கள்.
முதுநகர் செக்‌ஷனில் நான் கணக்கீட்டாளர்.
ரீடிங் தப்பு என்று யாராவது சண்டைக்கு வந்தால்
எடுத்துக் காட்ட ஒன்று வேண்டும்.
ஒவ்வொரு மீட்டர் கண்ணாடியிலும்
எண்களுக்குப் பின்னால்
வெயிலுக்குச் சுருங்கிய ஒரு நெற்றி தெரியும்.
என்னுடையதுதான்.
செல்ஃபி எடுக்கத் தெரியாத அம்மா என்பாள் இளவெயினி.
எட்டாயிரம் எடுத்திருக்கிறேன்டி.

அறுபத்தொரு சதவீதத்தில் கரண்ட் போயிற்று.
எங்கள் தெருவில் கரண்ட் போனால்
மெழுகுவர்த்தியைத் தேட மாட்டார்கள்,
என்னைத்தான் தேடுவார்கள்.
எப்பக்கா வரும்?
நான் ரீடிங் எடுக்கிறவள், கம்பம் ஏறுகிறவள் இல்லை என்று
எத்தனை வருஷமாகச் சொல்வது.
ஏழு அழைப்பு, ஏழும் பழைய போனுக்கு.
‘இடமாற்றம் தடைபட்டது’ என்றது திரை,
தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததுபோல.

மறுபடி முதலிலிருந்து.

ராத்திரி ஒன்றேகாலுக்கு எல்லாம் வந்து சேர்ந்தன.
ஒன்றும் விடுபடவில்லை,
தேதியைத் தவிர.
ஒவ்வொரு படத்துக்கும் இன்றைய தேதி.

இளவெயினிக்கு முன்பல் விழுந்தது இன்று.
அவள் கெடிலம் பாலத்தில் தனியாகச் சைக்கிள் ஓட்டியது இன்று.
புயலுக்கு மறுநாள் கம்பங்கள்
குடித்துவிட்டுப் படுத்தவை மாதிரிக் கிடந்ததும்,
அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டும்
சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததும்,
யார் வீட்டுக் கல்யாணத்திலோ தணிகாசலம்
வாய் நிறைய ஜாங்கிரியோடு
என் பக்கம் திரும்பியதும்
இன்றுதான், எல்லாம் இன்றே.
எது முந்தி, எது பிந்தி?
போனுக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரு வழி தெரியும்.
மீட்டர் பின்னால் ஓடாது.
எங்கள் வீட்டு மீட்டரைப் பொறுக்கி எடுத்தேன்,
இரண்டு மாதத்துக்கு ஒன்றாக.
3106, அப்போது பல் இருந்தது.
3290, விழுந்துவிட்டது.
5090, அடுத்தது 5302.
இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
தணிகாசலம் டிவியைப் போட்டபடி தூங்குவார்,
ஃபேனை ஐந்தில் வைத்துக்
கழுத்துவரை போர்த்திக்கொண்டு.
அதற்கடுத்த படம் 5398.
தொண்ணூற்றாறு.
நூறுக்குள் என்றால் கட்டணம் கிடையாது.
அவர் போன பிறகு வந்த முதல் பில் பூஜ்யம்.
அட்டையில் அதை எழுதியதும் நான்தான்,
நீலப் பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

படுக்கப் போகுமுன் இன்னொன்று கண்ணில் பட்டது.
சிங்காரத்தோப்பில் பூட்டிக் கிடக்கும் வீடு.
04417.
04417.
04417.
எது முதலில் எடுத்தது என்று
மீட்டரும் சொல்லாது,
மூலையிலிருந்த சிலந்தியின் பருமனைத்தான் கேட்கவேண்டும்.
பிறகு ஒரு படம், 04418.
அதே பூட்டு. வலை மட்டும் அறுந்திருந்தது.

ஒரு யூனிட் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
ஒரு ஃபேன், ஒரு ராத்திரி.
யாரோ வந்திருக்கிறார்கள்.
அலைச் சத்தத்தில் படுத்திருந்துவிட்டு
விடிந்ததும் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.
பக்கத்து வீட்டில் நான் விசாரிக்கவில்லை.
எண்ணை எழுதுவது என் வேலை.
எழுதினேன், ஒன்று என்று.

புதிய போன் கேட்டது:
ஒரே மாதிரியான படங்கள் 8,112 உள்ளன,
நீக்கிவிடலாமா?
மாதிரிக்கு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது.
பதினேழும் பதினெட்டும்.

வேண்டாம் என்று அழுத்தினேன்.
காலை ஏழரைக்குச் சோனாங்குப்பம்.
உப்புக்காற்றில் அங்கே கண்ணாடியெல்லாம் மங்கியிருக்கும்,
துடைக்க ஒரு துணி
இப்போதே பையில் வைக்கவேண்டும்.